திருஷ்டி மீன்

வெயில்ல நிக்காதம்மா, இப்படி நிழலுக்கு வந்து உக்காரு. டாக்டர் உள்ளதான் இருக்கா. ஒரு ஆட்ட முள்ளுக்கம்பி கிழிச்சிடுச்சாம், தையல் போட்டுட்டு இருக்கா. அரை மணி நேரமாவது ஆகும். கூடையில என்னா, முயலா? ஏன் இப்படி சோந்து கெடக்குது, எர எடுக்கலயா? கவலப்படாத, அவ கை பட்டா எழுந்து ஓடும். டாக்டரப் போயி அவ இவன்னு சொல்றேனேன்னு பாக்கறியா? என் மருமவம்மா. டாக்டர் நிறைமதின்னு போர்டுல போட்டிருக்குது பாரு, அவதான். நான் சாப்பாடு கொண்டாந்தேன். ஏழு முடிஞ்சு எட்டாம் மாசம் நடக்குது, நேரத்துக்குச் சாப்புடணும்ல.

நான் பெருமைக்குச் சொல்லல. இந்தப் பண்ருட்டியில எத்தன வீட்டுல டாக்டர் மருமவ இருக்கா, நீயே சொல்லு. எங்க நாத்தனார் காந்திமதி மட்டும் "மாட்டு டாக்டர்"னு சொல்லுவா. கால்நடை மருத்துவர்னு வாய் நெறைய சொன்னா அவளுக்கு என்னா கொறஞ்சுபோவுது? அவ கண்ணு அப்படிம்மா. "பாலு நல்லா பொங்குதே"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனான்னு வையி, அந்தப் பாலு திரிஞ்சு கெடக்கும். இது நான் கதை கட்டல, ரெண்டு தடவ என் அடுப்புலயே நடந்துருக்கு.

நீ மீனு வளத்திருக்கியா? தொட்டியில வெச்சு வளப்பாங்களே, அது. இல்லியா? அப்ப உனக்கு இது ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும்.

நாங்க வீடு கட்டுனோம். மூணு மாடி. பெருமைக்குச் சொல்லல, முந்திரி வியாபாரம் அந்த ரெண்டு வருஷம் நல்லா போச்சு, எங்க வீட்டுக்காரர் கட்டிட்டாரு. வாசல்ல கிரானைட்டு, மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி. கிரகப்பிரவேசத்துக்கு நானூறு பேரு வந்தாங்க. வந்தவங்க சும்மா சாப்புட்டுட்டுப் போனாங்களா? போகல. ஒவ்வொரு ரூமா தொறந்து பாத்தாங்க. பாத்ரூம்கூட பாத்தாங்க. காந்திமதி மாடி வரைக்கும் ஏறிப் போயி, எறங்கி வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது அண்ணி"ன்னா. அந்த "தான்" இருக்குது பாரு, அங்க ஆரம்பிச்சுது.

மறுவாரம் எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு. மிக்ஸி பொகைஞ்சுபோச்சு. புது மிக்ஸி வாங்குனா அதுவும் பொகைஞ்சுது. எம்புள்ள கோகுலுக்கு வந்த வரன் மூணும் ஜாதகம் பொருந்தியும் தட்டிப்போச்சு. நானும் என்ன செய்யலங்கற? வாசல்ல பூசணிக்கா கட்டுனேன், படிகாரம் கட்டுனேன், நாக்க நீட்டிட்டு ஒரு பொம்ம, அதயும் மாட்டுனேன். ஆகாச கருடன் கெழங்கு கட்டுனேன், அது கயித்துல தொங்கிக்கிட்டு கொடி விட்டு தழைஞ்சுதே தவிர, வீட்டுக்குள்ள ஒண்ணும் வெளங்கல.

அப்பதான் கடலூர்ல கலர் மீன் கடை வெச்சிருக்கற பாலமுரளி வந்தான். எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவன். பூசணிக்காய அண்ணாந்து பாத்துட்டு, "அக்கா, இதெல்லாம் வாசலோட நின்னுடும். உள்ள வந்து பாக்கறவங்க கண்ணுக்கு என்ன வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அத நான் யோசிக்கவேயில்ல பாரு.

அவன் சொன்னான், வாஸ்து மீனுன்னு எல்லாரும் வெக்கறாங்க, அது பழசு. இப்ப ஒளிர்ற மீனு வந்திருக்குது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பச்சை, ரோஸு, ஊதா. நீல லைட்டு போட்டா தணல் மாதிரி நின்னு எரியும். வீட்டுக்குள்ள கால் வெக்கறவங்க கண்ணு மொத மொத அதுமேலதான் போகும். மொதப் பார்வை போன எடத்துலதான திருஷ்டி எறங்கும்? எறங்குனா மீனு வாங்கிக்கும். நமக்கு வர்றத அது வாங்கிக்கிட்டு செத்துடும்னான்.

ஊசி போட்டு சாயம் ஏத்துறாங்களாமே, அந்த மாதிரியாடான்னு கேட்டேன். ஏன்னா எனக்கு ஜீவகாருண்யம் உண்டும்மா. செவ்வாய் வெள்ளி கறி எடுக்க மாட்டோம். "சீச்சீ, ஊசியெல்லாம் இல்லக்கா, இது பொறவியிலயே ஒளி. கடல்ல இருக்கற ஜெல்லி மீனோட ஜீன எடுத்து முட்டையிலயே வெச்சுட்டாங்க"ன்னான். எனக்கு சக்கரையப் போட்டுட்டாங்கன்னு காதுல விழுந்துது. ஜீனியாடான்னேன். ஜீனி இல்லக்கா, ஜீனு, பரம்பரையா வர்றது, இதோட குட்டிக்கும் வரும், அதோட குட்டிக்கும் வரும்னான். அப்படின்னா சொத்து மாதிரி. அதுல என்னா தப்பு இருக்குது? நம்ம புள்ளைக்கு நாம விட்டுட்டுப் போறதில்லயா?

ஏழு மீனு வாங்கி வெச்சேன். ஹால்ல நட்டநடுவுல, வாசலப் பாத்தமாதிரி. சாதா வெளிச்சத்துல அது வெறும் கலர் மீனுதான். அந்த நீலக் கொழா லைட்டு போட்டுப் பாக்கணும்மா நீ. தீவாளி மத்தாப்புல பூப்பூவா கொட்டுமே, அதுக்கு உசுரு வந்து நீந்துனா எப்படி இருக்கும், அப்படி இருக்கும். பால்காரன் பால ஊத்த மறந்துட்டு நின்னான். கேஸ்காரன் சிலிண்டரத் தோள்ல வெச்சுக்கிட்டே நின்னான். நான் அந்த லைட்ட அணைக்கவே மாட்டேன். எப்ப யாரு வருவாங்கன்னு நமக்குத் தெரியுமா? இன்வெர்ட்டர்ல கனெக்சன் குடுத்து வெச்சிருந்தேன். கரண்ட்டு போனா எங்களுக்கு ஃபேனு சுத்தாது, மீனுக்கு லைட்டு எரியும். அவ்வளவு கவனமா பாத்துக்கிட்டேன்.

பதினேழாம் நாளு ஒரு பச்சை மீனு செத்து மெதந்துது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்காரர் போன் பண்றாரு. முந்திரி லோடு ஏத்துன லாரி, நெய்வேலி தாண்டி டயரு வெடிச்சு, ரோட்ட விட்டு எறங்கி, ஒரு பலாமரத்துல முட்டி நின்னுருக்குது. டிரைவருக்கு ஒரு கீறல் இல்ல. மூட்ட ஒண்ணு சரியல. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சும்மா எனக்கு. அந்த மீன மஞ்சத்துணியில சுத்தி, குங்குமம் வெச்சு, முருங்க மரத்தடியில பொதைச்சேன். அதுக்கு லாரி மீனுன்னு பேரு வெச்சேன்.

அதுக்கப்பறம் ஒவ்வொண்ணா போச்சு. ரோஸு ஒண்ணு செத்துது, எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னியில இருந்த கல்லு ஆபரேசன் இல்லாம தானா கரைஞ்சு போச்சு. அது கல்லு மீனு. ஊதா ஒண்ணு செத்த மறுநாளு கேஸ் டியூப்ல ஓட்டைன்னு கண்டுபுடிச்சோம். அது கேஸு மீனு. கோகுலு பைக்கு ஒண்ணு, மாடியில தண்ணித் தொட்டி வெடிச்சது ஒண்ணு. சிலது செத்தப்போ என்ன ஆபத்து போச்சுன்னே தெரியல. நமக்குத் தெரியாமலே எத்தனையோ வந்து போகுதுல்ல? போகப் போக பாலமுரளி கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு பையில ரெண்டு மீன ஊத்திக் குடுத்துடுவான். பத்து மாசத்துல பதினோரு மீனு. பதினோரு ஆபத்து. எந்த வீட்டுலயாவது பதினோரு ஆபத்து வந்து ஒரு தும்மல்கூட இல்லாம போயிருக்குதா சொல்லு.

அதுல பன்னெண்டாவதா வந்த நல்லதுதான் நிறைமதி. நெல்லிக்குப்பம் பொண்ணு. தை மாசம் கல்யாணம். வெளக்கேத்தி வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தோம். வந்தவ சாமி ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி தொட்டிகிட்ட குனிஞ்சு நின்னுட்டா. எனக்கு உள்ளுக்குள்ள பூரிப்பு, பாத்தியா, இவ கண்ணும் மொதல்ல அதுமேலதான் போச்சுன்னு. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, "அத்தை, இதுங்க எப்ப தூங்கும்"னு கேட்டா.

நான் சிரிச்சுட்டேன். மீனுக்குக் கண்ணு எமையே இல்லியேம்மா, அது எங்க தூங்குறதுன்னேன். டாக்டருக்குப் படிச்ச பொண்ணு இதுகூடத் தெரியாம கேக்குதேன்னு நெனச்சேன். பாவம், மாடு ஆடுதான் படிச்சிருப்பா போலருக்கு. அவ லேசா சிரிச்சுட்டு சாமி ரூமுக்குப் போயிட்டா. அவ அப்படித்தான், வாயக் குடுத்து சண்ட போட மாட்டா. அது நல்ல கொணம்னு நெனச்சு ஏமாந்துட்டேன்.

இப்பதான் விஷயம் வருது, கேளு. மாசி போச்சு, பங்குனி போச்சு, ஒரு மீனும் சாகல. சித்திரையில மருமவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சுது. ஊரெல்லாம் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா தொட்டியப் பாக்கறேன், ஏழும் கும்முனு நீந்துது. வைகாசி, ஆனி, ஆடி, ஒண்ணும் சாகல. வீட்டுல மசக்கைக்காரி இருக்கா. எதிர் வீடு, பக்கத்து வீடு, காந்திமதி, எத்தன கண்ணு படும்? அத்தனையும் எங்க போகுது? மீனு வாங்கலன்னா வேற யாரு வாங்கறா? தெனம் காலையில எழுந்து தொட்டியப் போயிப் பாப்பேன். எல்லாம் உசுரோட இருக்கும். ஒண்ணாவது மெதக்குதான்னு ரெண்டாந்தடவ எண்ணிப் பாப்பேன்.

வீட்டுல ஏதாவது கெட்டது நடந்துச்சான்னு கேக்கறியா? இல்ல. ஒண்ணும் நடக்கல. அதான்மா பயமே. எல்லாம் சேந்து ஒண்ணா வரப்போகுதுன்னு அர்த்தம்.

பாலமுரளிகிட்ட போனேன். அவனுக்கும் அதிர்ச்சிதான், ஆறு மாசமா சாகலயான்னான். அப்பறம் யோசிச்சுட்டு, இந்த மீனு திருஷ்டிக்குப் பழகிடுச்சு, கொசு மருந்துக்குப் பழகிடற மாதிரி, புதுசா ஏழு போட்டா சரியாயிடும்னான். போடலாம்னு வந்தேன். வந்த மறுநாளு விடியக்காலம் கோலம் போட எழுந்திருக்கேன், ஹால்ல கும்மிருட்டு. அந்த நீல லைட்டு எரியல. பியூசு போயிடுச்சுன்னு நான் பதறிக்கிட்டு வரேன், நிறைமதி தொட்டியோரம் போயி ஸ்விட்சப் போடறா. மசக்கையில நிக்க முடியாம செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து போடறா.

ஆறு மாசமா அதான் செஞ்சிருக்கா. நாங்க படுத்ததும் அணைச்சுட்டு, நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி போட்டுட்டு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். என் வீட்டுக்குக் காவல் இருக்கறத நீ அணைக்கறியா, அதுவும் வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டான்னு சத்தம் போட்டேன். உன் வீட்டுலேர்ந்து யாராவது சொல்லிக் குடுத்தாங்களான்னுகூட கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர், கோகுலு எல்லாரும் எழுந்து வந்துட்டாங்க. நான் ஒவ்வொரு மீனா சொல்றேன், லாரி மீனு என்ன பண்ணுச்சு, கல்லு மீனு என்ன பண்ணுச்சு, பதினொண்ணும் எங்களுக்காக எத வாங்கிக்கிச்சுன்னு.

அவ பொறுமையா கேட்டா. கேட்டுட்டு, "அது ஒண்ணும் வாங்கிக்கல அத்தை. தூக்கமில்லாம செத்துச்சு"ன்னா.

மீனும் தூங்குமாம். எமை இல்லன்னாலும் தூங்குமாம். இருட்டு வேணுமாம் அதுக்கு. என்னென்னமோ சொன்னா. யாரோ விஞ்ஞானிங்க, தண்ணி கெட்டுப்போனதக் கண்டுபுடிக்க மீன இப்படிப் பண்ணலாமான்னு பாத்தாங்களாம். பாக்கறதுக்கு அழகா இருக்கவும் கடைக்கு வந்துடுச்சாம். நம்ம நாட்டுல இத விக்கறதுக்கு அனுமதியே கெடையாதாம். அனுமதி இல்லாம எத்தனையோ நடக்குது, அத விடு. ஏம்மா, மாட்டக் கட்டிப் போட்டு பாலு கறக்கறோம், கோழியக் கூண்டுல வெச்சு முட்ட எடுக்கறோம், அதெல்லாம் பாவமில்லியா, நீயே அதுக்குத்தான ஊசி போடறன்னு கேட்டேன். நல்லா கேட்டேன்ல? அவளும் ஆமான்னு ஒத்துக்கிட்டா. அதெல்லாமும் யோசிக்கத்தான் வேணும் அத்தைன்னா. ஆனா இது நம்ம வயித்துக்குக்கூட இல்ல, வெறும் நம்ம கண்ணுக்கு. எல்லா மீனும் பயந்தா ஒரு கல்லுக்கடியில போயி ஒளிஞ்சுக்கும், இது ஒளிஞ்சாலும் தெரியும்படி செஞ்சுட்டாங்க, அது கேக்கவேயில்லியேன்னா.

சரி, அப்ப இதக் கொண்டுபோயி திருவதிகைக் கோயில் குளத்துல விட்டுடறேன், புண்ணியமா போகட்டும்னேன். அய்யய்யோ அது கூடவே கூடாதுங்கறா. அங்க இருக்கற மீனெல்லாம் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதாம். வெச்சாலும் தப்பு, விட்டாலும் தப்பு. பின்ன என்னதான்டி பண்ணச் சொல்றன்னு கத்திட்டேன். எம்மருமவள நான் அதுவரைக்கும் டி போட்டுப் பேசுனதில்ல.

"செஞ்சது செஞ்சாச்சு அத்தை. இதுங்கள பத்தரமா வெச்சுக்குவோம், புதுசா வாங்க வேணாம். நாம இதுக்குத் திருப்பிக் குடுக்க முடிஞ்சது இருட்டு ஒண்ணுதான். அதயாவது குடுப்போம்"னா.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, முப்பத்தஞ்சு வருஷத்துல என் பக்கம் ஒரு தடவ பேசுனதில்ல. அன்னைக்கும் பேசல. "முன்னல்லாம் எனக்கும் அந்த நீல வெளிச்சத்துல தூக்கம் வராமத்தான் இருந்துது"ன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாரு. நான் உக்காந்து யோசிச்சேன். யோசிச்சப்பறம் ஒண்ணு புரிஞ்சுது. ராத்திரியில நம்ம வீட்டுக்கு யாரு வரப்போறா? ஆளு வரலன்னா கண்ணு ஏது, கண்ணு இல்லன்னா திருஷ்டி ஏது? அந்த நேரத்துல மீனுக்கு லீவு விட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது. பிரசவ நேரத்துல அதுக்கு வேல நெறைய இருக்கும், இப்ப ரெஸ்ட் எடுத்துக்கட்டும். இந்தக் காரணத்துக்காக நான் ஒத்துக்கிட்டேன். அவ சொன்னதுக்காக இல்ல. அதுலேர்ந்து நானே எட்டு மணிக்கெல்லாம் அணைச்சுடறேன். ஒரு நாளு எட்டரை ஆயிடுச்சு, மனசு கேக்கல, பாவம் அதுங்க காத்துக்கிட்டு இருக்குமேன்னு கல்யாணத்துக்குப் போன எடத்துலேர்ந்து கோகுலுக்கு போன் பண்ணி அணைக்கச் சொன்னேன்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். வளைகாப்பு வந்துச்சு. ஐப்பசி, வளர்பிறையில நாளு குறிச்சோம். எரநூறு பேரு. எனக்கு ஒரே நெனப்புதான். அத்தன பேரும் வந்து, வயிறும் புள்ளையுமா மணையில உக்காந்திருக்கறவள வெச்ச கண்ணு வாங்காம பாப்பாங்க. வளையல் போடறேன், சந்தனம் பூசறேன்னு கிட்ட வந்து பாப்பாங்க. காந்திமதியோட மருமவளுக்கு நாலு வருஷமா புள்ள இல்ல, அவ எப்படிப் பாப்பா? கெட்டவன்னு சொல்லல, மனுச மனசு ஏங்கும்ல. அதனால மணைக்குப் பின்னாடியே தொட்டிய வெச்சு, ரெண்டு லைட்டாப் போட்டு ஜெகஜோதியா எரிய விட்டுடணும்னு முடிவு பண்ணேன். பொம்பளைங்க கண்ணு அதுலயே நின்னுடும், எம்மருமவ தப்பிச்சுடுவா.

நிறைமதி ஒரேயடியா மறுத்துட்டா. அன்னைக்குத் தொட்டிமேல போர்வையப் போட்டு மூடணும்னா. கொழந்தைங்க கண்ணாடியத் தட்டும், போட்டோக்காரன் பளிச் பளிச்சுனு வெளிச்சம் அடிப்பான், அதுங்க தாங்காது அத்தைன்னா. நான் கெஞ்சினேன்மா. ஒரு ரெண்டு மணி நேரம்தான், உனக்காகத்தான், உன் புள்ளைக்காகத்தான்னேன். லைட்டு எரிஞ்சா நான் மணையில உக்கார மாட்டேன்னுட்டா. சொன்னா சொன்னதுதான். மூக்கணாங்கயிறு இல்லாத காளையையே நிறுத்தறவ, நான் எம்மாத்திரம்?

ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எல்லாரும் கண்ண வெச்சுட்டுப் போறதுக்கு ஒரு எடம் வேணுமே. பூசணிக்காய நடு ஹால்லயா கட்ட முடியும்? அப்பதான் கும்பகோணம் ரோட்டு ஜவுளிக் கடையில ஒரு பொடவையப் பாத்தேன்.

ரேடியம் பச்சை. தெரியும்ல, ராத்திரியில ரோடு போடறவங்க சட்டை போட்டுருப்பாங்களே, அந்தக் கலரு. ஒடம்பு பூரா ஜமிக்கி. அதுக்கு ராணி கலர்ல ஜாக்கெட்டு, கையில கண்ணாடி வெச்சுத் தெச்சது. கடைக்காரப் பொண்ணு உங்க பேத்திக்காம்மான்னு கேட்டுது. எனக்குத்தான்னேன். அது அப்படியே கொஞ்ச நேரம் என்னப் பாத்துட்டு நின்னுச்சு. சரி, இது வேலைக்கு ஆகும்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு.

வளைகாப்பன்னைக்கு நான் ரூம விட்டு வெளிய வந்தேன் பாரு, நாதஸ்வரக்காரரு ஒரு நொடி ஊதறத நிறுத்திட்டாரு. இருக்கற நகையெல்லாம் போட்டுருந்தேன். பொறந்ததுலேர்ந்து ஒதட்டுச் சாயம் பூசாதவ, பியூட்டி பார்லர் பொண்ணக் கூப்பிட்டு செவக்கச் செவக்கப் பூசிக்கிட்டேன். தலையில கனகாம்பரமும் மல்லியும் சேத்து ஒரு கூடைப் பூவு. போயி மருமவ பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். அவ மாம்பழப் பட்டுல அடக்கமா உக்காந்திருந்தா, மஞ்சளும் சந்தனமுமா. மகாலட்சுமிதான். ஆனா ஒரு ஈ காக்கா அவளப் பாக்கல. எரநூறு பேரும் என்னத்தான் பாத்தாங்க. யாரு வளையல் போட வந்தாலும் நான் குறுக்க குறுக்க போயி சிரிச்சேன். வீடியோக்காரன், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்க, கேமரா கூசுது"ன்னான். நான் தள்ளல. கோகுலு மாடிக்குப் போயிட்டான். எங்க வீட்டுக்காரர் சமையக்கட்டுலயே ஒக்காந்துட்டாரு. காந்திமதி எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "வளைகாப்பு மருமவளுக்கா, மாமியாருக்கா"ன்னு கேட்டா. வீடே சிரிச்சுது.

எனக்குக் காது கூசிப்போச்சு. மானமெல்லாம் போச்சு, அத மறைக்கறதுக்கு என்ன இருக்குது. அம்பத்தெட்டு வயசுல யாருக்கு இப்படிச் சிரிப்பா சிரிக்கணும்னு ஆச? ஆனா உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டேன், பாருங்கடி, நல்லா பாருங்க, எல்லாத்தயும் எம்மேலயே வெச்சுட்டுப் போங்க. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பலிக்காதுல்ல. இன்னைக்கும் எங்க தெருவுல அந்தப் பொடவைதான் பேச்சு. போகட்டும்.

மறுநாளு மிச்ச சாதத்தயெல்லாம் எடுத்து வெச்சுட்டு வரேன், கீழ பாயசம் கொட்டியிருந்துது. ஒரே வழுக்கு. இந்தா பாரு, பொடவைய வெலக்கிக் காட்டறேன், கணுக்கால்ல கட்டு. விழுந்த வேகத்துல தட்டுமுட்டெல்லாம் உருண்டுது. எல்லாரும் ஓடியாராங்க, நான் தரையில கெடந்து சிரிக்கறேன். வலி உசுரு போகுது, சிரிப்ப அடக்க முடியல. வந்துடுச்சுடா சாமி, எங்கிட்டயே வந்துடுச்சு, அவகிட்ட போகல. மண்டையில அடிபட்டுடுச்சுன்னு எங்க வீட்டுக்காரர் ஆட்டோவக் கூப்புட ஓடுனாரு.

நிறைமதிதான் கட்டுப் போட்டா. அவளால குனிய முடியல, ஒரு ஸ்டூலுல உக்காந்து என் கால எடுத்து அவ மடியில வெச்சுக்கிட்டா. மாமியார் கால மடியில வெக்கறாளேன்னு எனக்குக் கூச்சமா இருந்துது. அவ ஒரு கன்னுக்குட்டி கால அமுக்கிப் பாக்கற மாதிரி அமுக்கிப் பாத்தா. சுளுக்குதான், எலும்பு ஒண்ணும் ஆவலன்னா. அப்பறம், "விழுந்துட்டு ஏன் அத்தை சிரிச்சீங்க"ன்னு கேட்டா. அவ எதக் கேட்டாலும் மொள்ளமாத்தான் கேப்பா, ஆனா சொல்லாம இருக்க முடியாது. பொடவையிலேர்ந்து எல்லாத்தயும் சொல்லிட்டேன். நீ மீன மூடச் சொல்லிட்ட, பின்ன நான் யாரப் போயித் தேடறது, அதான் நானே நின்னேன்னேன்.

அவ சுத்திக்கிட்டு இருந்த துணிய அப்படியே கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சிரிப்பான்னு நெனச்சேன். கண்ணுலேர்ந்து தண்ணி என் கால்மேல விழுந்துது.

"எம்புள்ளைக்குப் பதிலா எதுவும் அடிபடக் கூடாது அத்தை. அந்த மீனும் கூடாது, நீங்களும் கூடாது"ன்னா.

பாத்தியாம்மா, எப்படிச் சொல்லிட்டான்னு? நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எதுவும்னா அஃறிணை. மனுசங்கள யாரும்னுதான சொல்லணும்? வீடு கட்டி, புள்ளையப் பெத்து, இவளக் கட்டி வெச்சுக் கூட்டிட்டு வந்த மாமியாரு நான், என்னக் கொண்டுபோயி சுண்டுவிரல் நீளத்து மீனோட ஒரே வரிசையில நிறுத்திட்டா. கோவம் வரணும்ல எனக்கு? நானும் இந்தா வரும், அந்தா வரும்னு பாத்துட்டு இருக்கேன். நாலு நாளாச்சு, வர மாட்டேங்குது.